திறந்த கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

"அம்மா, சாமி நம்ம வீட்டுக்கு வந்தா யாராவது 'உள்ள வாங்க'ன்னு சொல்லணுமா? இல்ல, கதவு திறந்திருந்தா தானா வந்துருமா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நாலரை வயது. வாயில் பாதி ரொட்டி இருந்தது. அம்மா பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். எந்தக் கேள்விக்கும் கரும்பலகை நிறையப் பதில் வைத்திருப்பாள். அன்று பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

"யாரா இருந்தாலும் கூப்பிட்டாத்தான் உள்ள போகணும். அதுதான் மரியாதை."

"சாமிக்குமா?"

"சாமிக்கு மரியாதை தெரியாதா? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று மகள் அடுத்ததாகக் கேட்ட கேள்வி இந்தக் கதைக்கு வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து, அந்த மரியாதை கடல் கடந்து போய் அம்மாவின் கழுத்தைப் பிடித்தது.

முப்பத்தாறாவது வயதில் அவளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நாத்தனார் செய்தி கேட்டதும், "நல்லதுதான். அம்மாவும் பொண்ணும் ஒரே மாதிரி பையைத் தூக்கிக்கிட்டுப் போகலாம்" என்றாள். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "போயிட்டு வா. பஸ்ஸுக்கு இன்ஜினையே மாத்துறவன், ஒரு பொண்ணுக்குச் சடை பின்ன மாட்டேனா?" என்றார். அவர் பின்னிய முதல் சடை, பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் கயிறு போல இருந்தது. ஆனாலும் அவிழவில்லை.

பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பல்கலைக்கழகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வகுப்பு தொடங்கி நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள், வழிகாட்டும் பேராசிரியரின் கையெழுத்தோடு ஆய்வுத் திட்டப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பதிவு ரத்து. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நாத்தனார் விமான நிலையத்துக்கே வந்துவிடுவாள்.

பேராசிரியர் முன்பே ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருந்தார்: 'என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்.'

இருந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு அவள் போனபோது, இரண்டாம் மாடி வராந்தாவின் கடைசி அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பேராசிரியர் புத்தகக் குவியல்களுக்கு நடுவே, சுவர் எழுப்பிவிட்டு வெளியே வர மறந்த கொத்தனாரைப் போல உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கான இரண்டு நாற்காலிகளிலும் புத்தகங்களே உட்கார்ந்திருந்தன.

அவள் வாசலில் நின்றாள். கூப்பிடுவார் என்று நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். இவளும் சிரித்துக் கும்பிட்டாள். அவர் மறுபடி குனிந்துகொண்டார். சரி, கையில் இருக்கும் பக்கத்தை முடித்துவிட்டுக் கூப்பிடுவார். அது ஆயிரத்து இருநூறு பக்கப் புத்தகம். பன்னிரண்டரை மணி வரை நின்றுவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு தான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பினாள்.

மறுநாள் வந்து பார்த்தால் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பழைய மரநாற்காலி. ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் 'டக்' என்று ஒரு பக்கம் சாயும். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று நின்றதைக் கவனித்திருக்கிறார்! எவ்வளவு பெரிய மனிதர்! உட்காரச் சொல்கிறார் என்றால் சீக்கிரம் கூப்பிடப் போகிறார் என்றுதானே அர்த்தம்?

உட்கார்ந்தாள். நாலு வாரம் உட்கார்ந்தாள்.

சும்மா உட்காரவில்லை, கடிதமும் எழுதினாள். தினம் ஒரு மின்னஞ்சல். 'பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய, கல்விக் கடலில் கலங்கரை விளக்கமாய்த் திகழும் பேராசிரியர் பெருந்தகை அவர்களின் சமூகத்திற்கு' என்று தொடங்கும். அவருடைய நலம், குடும்பத்தார் நலம், புத்தகங்களின் நலம் எல்லாம் மூன்று பத்தி விசாரித்துவிட்டு, நாலாவது பத்தியின் கடைசி வரியில், 'அடியேன் வாசலில்தான் இருக்கிறேன்' என்று முடியும். பதில் வரவில்லை. பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை.

இதற்கிடையே அந்த நாற்காலி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஓர் அலுவலகக் கதவுக்கு வெளியே ஒருத்தி நாற்காலி போட்டு, மடியில் நோட்டுப் புத்தகம் வைத்து உட்கார்ந்திருந்தால் உலகம் என்ன நினைக்கும்?

முதலில் வந்தவன் ஆறரை அடி உயரம். அவனும் வேறு ஏதோ நாட்டிலிருந்து புதிதாக வந்தவன். எல்லாக் கதவிலும் நெற்றியை இடித்து, இடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். "மேடம், மூணாவது மாடிக்கு லிஃப்ட்ல ஏறினா நாலாவதுல போய் நிக்குது. மூணாவது மாடின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு தம்பி. நாலுல இறங்கி, படியில ஒரு மாடி கீழ வாங்க. நானும் முதல் நாள் முழுக்க அந்த லிஃப்ட்லதான் குடியிருந்தேன்."

அவன் போனான். நாலு நாள் கழித்துச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தான். படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று அறுபத்திரண்டு பெயர் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை அடுத்த வகுப்புக்குள் படித்துவிட வேண்டும் என்று நினைத்து, பதினேழு முடித்திருந்தான். இவளுக்கும் அந்தப் பட்டியல் புரியவில்லை. ஆனால் பள்ளிக்கூட டீச்சருக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. "நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மதியம் போய் நூலகரிடம் கேட்டுவிட்டு வந்து, "எல்லாத்தையும் படிக்கணும்னு யாரும் எதிர்பார்க்கலையாம். முன்னுரையைப் பாருங்க, உங்களுக்கு வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுங்க. முதல்ல போய்த் தூங்குங்க" என்றாள். ஆறரை அடி அவள் காலில் விழாத குறை. விழுந்திருந்தால் வராந்தா போதாது.

அடுத்து வந்தவனுக்குக் கோட்டு என்று பெயர் வைத்தாள். மேற்படிப்பு என்றால் கோட்டும் டையும் போட வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் இளங்கலைப் பிள்ளைகள் ஆசிரியர் என்று நினைத்து அவனைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒரு நாள் தவறான அறைக்குள் நுழைந்துவிட்டு, வெளியே வர வெட்கப்பட்டு, வருகைப் பதிவே எடுத்துவிட்டானாம்.

"இருபத்தெட்டுப் பேர் அக்கா. ரெண்டு பேர் வரல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"வராதவங்களைக் கண்டிச்சேன்."

பிறகு ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். திருத்தி வந்த கட்டுரையை நீட்டினாள். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. "இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்ல அக்கா. என்னைத் துரத்தப் போறாங்க."

"அட, அசடு. சிவப்பு நிறைய இருந்தா அவரு முழுசாப் படிச்சிருக்காருன்னு அர்த்தம். படிக்காதவங்கதான் கடைசியில 'நன்று'ன்னு எழுதிட்டுப் போவாங்க. பதினொரு வருஷம் நானே எழுதியிருக்கேனே!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அடுத்த நாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். எல்லோர் கையிலும் சிவப்பு.

இப்படித்தான் அவள் 'நாற்காலி அக்கா' ஆனாள். நோட்டில் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். தெரியாத பதிலை மதியத்தில் அலைந்து விசாரித்து எழுதுவாள். உண்மையில் இந்த வேலைக்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு வரவேற்பு மையம் இருந்தது. பலூன் கட்டி, மேசை போட்டு, ஓர் அதிகாரி அம்மாவும் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், அந்த மையத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே யாரும் போனதில்லை. நாற்காலி அக்கா தேடிக் கண்டுபிடித்து, வாசலிலிருந்தே பார்த்துவிட்டு வந்து, நோட்டின் நடுப்பக்கத்தில் தானே ஒரு வரைபடம் போட்டு வைத்தாள்.

எல்லோருக்கும் வழி சொன்னாள். தன் வழி மட்டும் ஒன்றரை அடி தூரத்தில் திறந்து கிடந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் காலடியில்தான் இருட்டு விழும். ஆண்டவன் அதற்கு வேறு ஒரு விளக்கை யார் கையிலாவது கொடுத்து அனுப்புவான் என்று நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது வாரம் பேராசிரியரே வெளியே வந்தார். அவள் பதறி எழுந்தாள். நாற்காலி 'டக்' என்றது.

"உட்காருங்க, உட்காருங்க. இந்தத் தபாலைக் கீழே கொடுத்துடுறீங்களா?"

கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். துறையில் தனக்கு உதவியாளர் போட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. புரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"என் புது மாணவி ஒருத்தி இருக்கா. வெளிநாட்டுலேர்ந்து வரணும். ரெண்டு வாரமாச்சு, எட்டிக்கூடப் பார்க்கல. நீங்க எங்கயாவது பார்த்தா சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றது அவள் வாய். அவள் இல்லை, வாய்தான்.

"அது மட்டும் இல்ல. தினம் யாரோ என்னை ஏதோ பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் போடுறாங்க. கலங்கரை விளக்கம் அது இதுன்னு. முதல் பத்தியிலேயே தலை சுத்துது. அழிச்சிடுறேன்."

"அழிச்சிடுங்க சார்" என்றது வாய்.

அன்று மாலை வீடியோவில் வீட்டுக்குப் பேசினாள். கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நீ படிக்கப் போனியா, வாட்ச்மேன் வேலைக்குப் போனியா?" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க. இப்ப போய், 'உங்க மாணவி நான்தான்'னு சொன்னா அவருக்கு எவ்வளவு அவமானம்! தபால் கொடுக்க வேற என்னை அனுப்பிட்டாரு. பெரிய மனுஷனைத் தலைகுனிய வைக்கிறதா?"

"அவரு தலை குனிஞ்சா புத்தகம் படிப்பாரு. நீ ஃபெயிலானா என் அக்கா இங்க வந்து உட்கார்ந்துக்குவா. பணிமனையில கதவு பூட்டியிருந்தாத்தான் தட்டுவோம். திறந்திருந்தா நேராப் போய் ஸ்பேனரை எடுத்துக்குவோம். அவ்வளவுதான் சட்டம்."

மகள் திரைக்குள் மூக்கை நுழைத்தாள். "அம்மா, நீ கூப்பிடுவாருன்னு வெளிய உட்கார்ந்திருக்கே. உன் சாரு?"

"அவரு உள்ள இருக்காரு."

"அவரும் உள்ள உட்கார்ந்துக்கிட்டு நீ வருவேன்னு பார்த்துக்கிட்டு இருக்காரா?"

"சடை யாரு பின்னினா? நல்லா இருக்கே" என்று அம்மா பேச்சை மாற்றினாள்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை பேராசிரியர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"ஒரு கடிதம் சொல்றேன், எழுதிக்குங்க. என் கையெழுத்து எனக்கே புரியாது."

எழுதினாள்.

"'நீங்கள் நாலு வாரமாக என்னை வந்து சந்திக்கவில்லை. உங்களுக்கு இந்தப் படிப்பில் அக்கறை இல்லை என்று வருத்தத்துடன் முடிவு செய்கிறேன். உங்கள் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்.' எழுதிட்டீங்களா?"

"'பரிந்துரைக்கிறேன்'... எழுதிட்டேன் சார்."

"கொஞ்சம் கடுமையா இருக்கோ?"

"இல்ல சார். அவளுக்கு இது வேணும்."

"நல்ல கையெழுத்து உங்களுக்கு" என்று பெருமூச்சோடு கையெழுத்திட்டார். "பாவம், நல்லாப் படிச்ச பொண்ணு. விண்ணப்பத்தைப் படிச்சுட்டு நான்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன். நாளைக்கு நாலு மணி வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா அனுப்பிடுங்க. ஒரு நகல் மட்டும் எடுத்து வச்சுடுங்க."

தன் தலையைச் சீவப் போகும் கத்தியைத் தானே தீட்டிக் கொடுத்தவள் போல, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடியில் இருந்த நகல் அறைக்குப் போனாள்.

நகல் அறைக்காரர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்ததாகச் சொன்ன ஒருவரும் ஓய்வு பெற்றுவிட்டார். தாளை வாங்கி இயந்திரத்தில் வைக்கும்போது ஒரு கண்ணால் படித்தார்.

"யாரு இது? நாலு வாரமா வரவே இல்லையாமே. எவ்வளவு திமிர் பாருங்க!"

"நான்தாங்க அது."

அதிர்ச்சியில் அவர் ஒன்றை அமுக்க வேண்டிய இடத்தில் நாற்பதை அமுக்கிவிட்டார். பதிவு ரத்துக் கடிதம் ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டே, "என்னம்மா சொல்றீங்க? நீங்க அவரோட உதவியாள் இல்லையா?" என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது முப்பத்தொன்று விழுந்திருந்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கதவைத் திறந்து வச்சிருக்கறது காத்து வர்றதுக்கா?"

"நீங்க தினம் அந்த வழியாத்தானே போனீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வேலைக்கு வந்தவங்கன்னு நினைச்சேன். முதல் நாள் அவ்வளவு நேரம் நின்னீங்க. வேலைக்கு எடுத்தவங்க ஒரு நாற்காலிகூடப் போடலையேன்னு நான்..." சட்டென்று நிறுத்தினார். மீசையைத் தடவினார். "நான் என்னத்தைக் கண்டேன்? நாளைக்கு நேரா உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த வெள்ளைத்தாள் கட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தார்.

அந்த அறையில் மேசை இருந்தது. நாற்காலி இல்லை.

"நீங்க ஏன் தாள் கட்டு மேல உட்கார்றீங்க?"

"எனக்கு நாற்காலியே ஆகாது. தூக்கம் வந்துரும்."

அவள் திரும்பி வந்து தன் நாற்காலியைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தாள். வெள்ளைப் பெயின்டில், பாதி அழிந்து, 'நகல் அறை' என்று எழுதியிருந்தது. நாலு வாரம் தவறான ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள். அந்த நன்றி விலாசம் மாறினாலும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். மேலே இருக்கும் தபால்காரர் அப்படி ஒன்றும் கவனக்குறைவானவர் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வாசலில் நின்றாள். படிவம் ஒரு கையில், நோட்டு ஒரு கையில். காலை எடுத்து வைக்கப் போவாள், உள்ளே அவர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டதும் பின்வாங்கிவிடுவாள். மணி இரண்டேமுக்கால் ஆயிற்று. ஆறரை அடியும் கோட்டும் ஆதரவாகப் பின்னால் நின்றார்கள். அதைப் பார்த்து ஏதோ வரிசை என்று நினைத்து இன்னும் ஏழு பேர் வந்து நின்றுவிட்டார்கள். எதற்கு நிற்கிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. புது நாட்டில் வரிசை என்றால் நின்றுவிடுவது நல்லது.

அப்போது சிவப்பு மைப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, ஒரே ஒரு சந்தேகம். எங்க பேராசிரியர் கதவு திறந்திருக்கு. கூப்பிடற வரைக்கும் நிக்கணுமா, நானே உள்ள போகலாமா?"

அக்கா வழக்கம்போலச் சட்டென்று சொன்னாள். "போம்மா. திறந்து வச்சிருக்கறதே கூப்பிடறதுதான்."

ஆறரை அடி குனிந்து மெதுவாகக் கேட்டான். "அப்போ நீங்க ஏன்க்கா வெளிய நிக்கிறீங்க?"

தன் வாயிலிருந்து வந்த பதில் தன் காதில் விழ அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாலரை வயதில் ஒருத்தி கேட்டது இதைத்தானே! கண்ணை மூடி, மனதுக்குள் சாமியைக் கூப்பிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"சார், நீங்க தேடுற மாணவி வந்திருக்கா."

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "எங்க? எங்க?" என்று அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். "இதுல யாரு?"

"நான்தான் சார்."

அவர் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "நீங்களா? அப்போ என் உதவியாளர்?"

"அப்படி யாரும் இல்ல சார்."

"மூணு வாரமா என் தபாலை யாருகிட்ட கொடுத்தேன்?"

"என்கிட்டதான் சார். எல்லாம் போய்ச் சேர்ந்திருச்சு."

"ஏம்மா உள்ள வரல?"

"நீங்க கூப்பிடலையே சார்."

"கதவு திறந்துதானே இருந்தது?"

"ஆமா சார். அதான் தைரியமா வெளிய உட்கார்ந்திருந்தேன்."

"முதல் நாள் உங்களை எதிர் அறைக்கு வந்தவங்கன்னு நினைச்சேன்."

"எதிர் அறையில துடைப்பம் வைக்கிறாங்க சார்."

பேராசிரியர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். விரலிடுக்கு வழியாக, "அந்தக் கலங்கரை விளக்கம்..." என்றார்.

"அதுவும் நான்தான் சார்."

அவர் எழுந்து வந்து, நாற்காலியிலிருந்த புத்தகங்களை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டார். அநேகமாகப் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலி வெளிச்சத்தைப் பார்த்தது. "உட்காருங்க" என்றார். பழக்க தோஷத்தில் அவள் வெளியே போய் உட்காரப் பார்த்தாள்.

"இங்கம்மா, இங்க!"

படிவத்தை வாங்கிப் படித்தார். 'உயர்கல்விக் கற்றல் சூழல்களின் பன்முகப் பரிமாணங்கள்: ஒரு மறுநோக்கு' என்று தலைப்பு இருந்தது.

"இதுல என்ன சொல்ல வர்றீங்க?"

"எனக்கும் தெரியல சார். பெரிசா இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

"மடியில என்ன நோட்டு?"

கொடுத்தாள். அவர் புரட்டினார். லிஃப்ட் ஏன் மூணில் நிற்பதில்லை. அறுபத்திரண்டு புத்தகமும் இந்த வாரமேவா. ஆசிரியர் சொன்னது தப்பு என்று தோன்றினால் சொல்லலாமா, சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா. வகுப்பில் யாரும் என்னோடு பேசுவதில்லை, நான்தான் முதலில் பேச வேண்டுமா. முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். முதலில் சிரித்துக்கொண்டே படித்தார். போகப் போகச் சிரிப்பு நின்றது.

"இவங்க எல்லாரும் என் கதவுக்கு வெளியிலதான் இருந்தாங்களா?"

"ஆமா சார்."

அவர் பழைய தலைப்பை ஒரே கோடாக அடித்தார். மேலே எழுதினார்: 'வெளிநாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வரும் மாணவர்கள் முதல் மாதத்தில் யாரிடம், என்ன கேட்கிறார்கள்?' பிறகு நிமிர்ந்து, "எப்ப வேணும்னாலும் உள்ள வாங்க. இது மரியாதைக்குச் சொல்றதில்ல. நிஜமாவே சொல்றேன்" என்று கையெழுத்திட்டார்.

மணி மூன்று முப்பத்தைந்து. படிவத்தைக் கொடுக்க வேண்டிய இடம் எது என்று பார்த்தாள். வரவேற்பு மையம்! நல்லவேளை, வழி அவள் நோட்டிலேயே இருந்தது. ஓடினாள். ஆறரை அடி முன்னால் ஓடி எல்லாக் கதவையும் நெற்றியால் திறந்தான். மையத்தில் அதிகாரி அம்மா, காற்று இறங்கிய பலூன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆள் வருவதைப் பார்த்து அவர் கண் நிறைந்துவிட்டது.

"வாங்க, வாங்க! முதல்ல டோக்கன் எடுத்துக்குங்க."

"இங்க வேற யாரும் இல்லையேம்மா."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

டோக்கன் எடுத்தாள். ஒன்றாம் எண். அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, காலியான அறையைச் சுற்றிப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர்!" என்று கூப்பிட்டார். நாலு வாரத்தில் முதல்முறையாக ஒருவர் அவளைக் கூப்பிட்டு உள்ளே அழைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முத்திரை விழும்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. பிறகு அந்த அம்மா ஆசையாக வைத்திருந்த நாற்பது நிமிட வரவேற்புரையை உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அவசரம் தீர்ந்துவிட்டது, அடுத்தவர் ஆசையைக் கேட்க நாற்பது நிமிடம் அதிகமில்லை. போகும்போது வரைபடத்தை நாற்பது தாளில் வரைந்து தருவதாகச் சொன்னாள். பின்பக்கம் வெள்ளையாக நாற்பது தாள்கள் அவளிடம் ஏற்கெனவே இருந்தன.

இரவு நாத்தனாரே போனில் வந்தாள். "பரவாயில்லையே, சேர்த்துக்கிட்டாங்களா? சரி, பையைத் தொலைச்சுடாதே" என்றாள். அவளுக்குத் தெரிந்த வாழ்த்து அதுதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, துப்புரவுக்காரர்கள் அறைகளைத் திறந்து வைத்துவிட்டுக் கீழ்மாடிக்குப் போயிருந்தார்கள். வராந்தாவில் ஈ காக்கை இல்லை. அவள் கைப்பையிலிருந்து, நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் மூடி ஒன்றை எடுத்தாள். சனிக்கிழமை நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. குட்டைக் காலில் அதை அழுத்தி மாட்டினாள். பழைய போர்வைத் துணியில் தைத்த திண்டு ஒன்றை மேலே வைத்துக் கட்டினாள். பிறகு, ஊருக்கே உபகாரம் செய்த அந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள்.

சீட்டு எழுதி வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கொடுத்தவர் மறைத்துக் கொடுத்ததை வாங்கியவர் விளம்பரப்படுத்துவது நியாயமில்லை. வைக்கவில்லை. தாள் கட்டுகளைச் சுவரோரம் அடுக்கினாள். நாற்காலியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தாள்.

'டக்' என்று கேட்கவில்லை.

எழுந்து, திண்டை நேராக்கிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.